விஞ்ஞானக் கதை என்பது எது?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் "விஞ்ஞானக் கதை" என்பதாகும். இதைப்பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாம் காலேஜ் வாசலை மிதித்தவர்களல்ல. இதுபோன்ற வாசகசாலைகளில், மின்சார விளக்கு அணைக்கிற வரையில் உட்கார்ந்து படித்ததுதான் நம் படிப்பெல்லாம். ஆகையால் நாம் சொல்வதில் பிசகு இருந்தால், கூட்ட முடிவில் எழுந்து தாராளமாகச் சொல்லலாம். பிசகைக் காட்டிச் சொல்ல இடங்கொடுப்பது என்பதே இன்றைய விஷயத்தின் உயிர்நிலை என்பதைப் பின்னால் காண்பீர்கள்.

இந்த விஷயத்தை நாம் எடுத்துக்கொள்ளக் காரணம் ஒன்று உண்டு. சென்ற மாதம் வேறோர் ஊரில் பேசிவிட்டு இறங்கியபோது, காலேஜில் படிக்கும் வாலிபர் ஒருவர் வந்து, "ஐயா! வெள்ளைக்காரன் ஆகாயக் கப்பலைப் பற்றிக் கதை எழுதினால் அதை விஞ்ஞானக் கதை என்கிறீர்கள். நம் புராணத்தில் புஷ்பக விமானம் என்று எழுதி வைத்தால் அதைப் புளுகு என்கிறீர்கள். இரண்டும் எழுதிய காலத்தில் இல்லாத பொருள்தானே? இது என்ன நியாயம்?" என்று கேட்டார்.

தோழர்களே! கேள்வி நல்ல கேள்வி. கேட்டவரை அதட்டி உட்கார வைப்பது நம் வழக்கமல்ல. அவருக்கு அன்று ரயில் நேரமாகிவிட்டபடியால் அரை பதில்தான் சொல்ல முடிந்தது. முழுப் பதிலை இன்று சொல்ல முயல்கிறோம்.

எது விஞ்ஞானக் கதை அல்ல?

முதலாவதாக, யந்திரம் வந்துவிட்டால் அது விஞ்ஞானக் கதை என்று பலர் எண்ணுகிறார்கள். இது தப்பு. ஒரு கதையில் ராக்கெட்டை எடுத்துவிட்டுக் குதிரையை வைத்தாலும் கதை கெடாமல் நடக்குமானால், அது குதிரைக் கதையே தவிர விஞ்ஞானக் கதையல்ல. யந்திரமே இல்லாத விஞ்ஞானக் கதையும் உண்டு. இன்று உலகமெல்லாம் வழங்கும் "ரோபோ" என்ற சொல், செக் நாட்டுக் காரெல் சாபெக் என்பவர் 1920-ல் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. அந்த நாடகத்து ரோபோக்கள் இரும்பு பொம்மைகளல்ல. உயிர்ச் சத்துப் போன்ற ஒரு வஸ்துவிலிருந்து தொழிற்சாலையில் செய்யப்பட்ட வேலையாட்கள். அந்தச் சொல்லுக்கு மூலமான செக் வார்த்தைக்கு, நம்மூரில் முன்பு நடந்த வெட்டி ஊழியம் என்பதே பொருள். யந்திரம் எப்படி ஓடுகிறது என்பதல்ல அந்த நாடகத்தின் கேள்வி. கூலி கேளாத வேலையாளைச் செய்துவிட்டால் மனிதன் என்ன ஆவான் என்பதே கேள்வி.

இரண்டாவதாக, வருங்காலத்தை முன்கூட்டிச் சொல்லுவதுதான் விஞ்ஞானக் கதை என்பார்கள். இதுவும் தப்பு. அப்படியானால் அதற்கும் ஜோசியத்திற்கும் என்ன பேதம்? ஜூல்ஸ் வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் 1865-ல், பூமியிலிருந்து சந்திரனுக்குப் போவதாக ஒரு கதை எழுதினார். புறப்படும் இடம் அமெரிக்காவிலுள்ள புளோரிடா. போகிறவர்கள் மூன்று பேர். 1969 ஜூலையில் மெய்யாகவே சந்திரனுக்குப் போன அப்பல்லோ 11 புறப்பட்டதும் அதே புளோரிடாதான். போனவர்களும் மூன்று பேர்தான். இதைக் காட்டி, "பார்த்தீர்களா தீர்க்கதரிசனத்தை!" என்பவர்கள் உண்டு. இதில் தரிசனம் ஒன்றுமில்லை. சந்திரன் தலைக்கு நேரே வருகிற இடமாக வேண்டுமானால் பூமத்திய ரேகைக்குக் கிட்டின இடமாகத் தேட வேண்டுமென்று வெர்ன் கணக்குப் பார்த்தார். பூமி சுற்றுகிற வேகத்தைத் துணைக்கொள்ளவும், கிழக்கே வெறும் கடலாக இருக்கவும் வேண்டுமென்று அமெரிக்கர்கள் கணக்குப் பார்த்தார்கள். இருவர் காரணமும் முழுவதும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டு கணக்கும் அமெரிக்காவின் தெற்குக் கோடிக்கே கொண்டுவிட்டன. பூகோளம் ஒன்றாக இருந்தால் விடையும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தானே இருக்கும்? ஜாதகக்காரனுக்கு இங்கே என்ன வேலை?

அன்றியும், ஜோசியம் என்று பார்த்தால் விஞ்ஞானக் கதைக்காரர்கள் மகா மோசமான ஜோசியர்கள். நட்சத்திரத்திற்கு நட்சத்திரம் பாயும் கப்பலை எழுதினவர்கள், அந்தக் கப்பலின் மாலுமி கையில் கணக்குப் போட ஸ்லைடு ரூலைக் கொடுத்து வைத்தார்கள். இன்று நம் பையன்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் டெலிபோன் செய்யும் வேலையை அவர்களில் அநேகர் கனவிலும் காணவில்லை. அதனால் அந்தக் கதைகளுக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை. ஏனெனில் அவை "இப்படி நடக்கும்" என்று வாக்குக் கொடுத்தவையல்ல. "இப்படி இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டவை.

நான்கு அடையாளங்கள்

அப்படியானால் எதுதான் விஞ்ஞானக் கதை? நமக்குத் தெரிந்தவரையில் நான்கு அடையாளங்கள் சொல்லுவோம்.

முதல் அடையாளம், கதையில் நடக்கும் அதிசயத்திற்குக் காரணம் இயற்கைக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்தக் காரணம் யாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

மேரி ஷெல்லி என்ற ஆங்கிலப் பெண்மணி தம் 18-வது வயதில், 1816-ல், ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு கதை எழுதத் தொடங்கினார். 1818-ல் அது ஆசிரியர் பெயரில்லாமலே அச்சாயிற்று. அதுதான் "பிராங்கன்ஸ்டைன்". உயிரற்ற உடலுக்கு ஒரு மாணாக்கன் உயிர் கொடுத்துவிடுவதாகக் கதை. செத்தவன் பிழைத்தான் என்ற கதை அதற்கு முன் உலகத்தில் இல்லையா? எல்லா மதத்திலும் ஏராளம். ஆனால் அங்கெல்லாம் பிழைக்க வைத்தவன் தேவனாகவோ, தேவனுக்கு வேண்டியவனாகவோ இருப்பான். இங்கே அப்படியல்ல. அந்த மாணாக்கன் சிறு வயதில் பழைய மாந்திரீக ஏடுகளையே படித்துக்கொண்டிருந்தவன். சர்வகலாசாலைக்குப் போனதும் ஒரு ஆசிரியர் அதைக் கேட்டுப் பரிகசிக்கிறார். பிறகு ரசாயனம் படிக்கிறான், உடற்கூறு படிக்கிறான், பிணங்களைப் பார்த்து ஆராய்கிறான். அதற்குப் பிறகே அவன் காரியம் கைகூடுகிறது. மாந்திரீக ஏட்டை மூடிவிட்டு ரசாயனப் புஸ்தகத்தைத் திறந்த அந்த இடத்தில்தான் இந்தக் கதை வகை பிறந்தது என்று சொன்னால் தவறாகாது. பிரையன் ஆல்டிஸ் என்ற ஆசிரியரும் 1973-ல் எழுதிய சரித்திரத்தில், இந்தப் புஸ்தகத்திலிருந்தே கணக்கு ஆரம்பிக்க வேண்டுமென்று வாதாடியிருக்கிறார். அக்காலத்தில் வெறும் கற்பனை என்று இதைத் தள்ளவும் முடியாது. 1803-லேயே லண்டனில் அல்டினி என்ற இத்தாலியர், தூக்கிலிடப்பட்ட ஒருவனுடைய பிணத்தில் மின்சாரம் செலுத்தி, முகமும் கையும் துடிப்பதை வைத்தியர்களுக்குக் காட்டியிருந்தார்.

நம் தேசத்து உதாரணமும் ஒன்று சொல்லுவோம். ஜகதீச சந்திர போஸ் 1896-ல் வங்காளியில் ஒரு சிறுகதை எழுதினார். ஒரு தலைத் தைலக் கம்பெனி நடத்திய கதைப் போட்டிக்கு எழுதியது. கல்கத்தாவை அழிக்க வந்த புயல், கப்பலில் போன ஒருவர் கடலில் வீசிய தைலப் புட்டியினால் அடங்கிப் போகிறதாம். வேடிக்கைக் கதைதான். ஆனால் எண்ணெய் படர்ந்தால் அலை தணியும் என்பது மாலுமிகள் அறிந்த விஷயம். ராமாயணத்தில் ராமர் வில்லை வளைத்தவுடன் சமுத்திர ராஜன் பயந்து எழுந்து வருகிறான் என்கிறார்கள். இரண்டு கதையிலும் கடல் அடங்குகிறது. ஒன்றில் கடல் எண்ணெய்க்கு அடங்குகிறது. மற்றொன்றில் ஆளுக்கு அடங்குகிறது. எண்ணெயை யார் ஊற்றினாலும் எண்ணெய்தான். ஆனால் அந்த வில்லை நீங்களும் நாமும் வளைத்தால் கடல் வருமா? வராது என்பார்கள். இதுதான் பேதம்.

இரண்டாம் அடையாளம், அதிசயத்திற்கு எல்லை இருக்க வேண்டும். விலை இருக்க வேண்டும்.

எச்.ஜி. வெல்ஸ் 1897-ல், கண்ணுக்குத் தெரியாத மனிதன் ஒருவனைப் பற்றி எழுதினார். நம் கதைகளில் ஒருவன் கண்ணுக்குத் தெரியாமல் போக வேண்டுமானால் என்ன செய்கிறான்? மாய மையைத் தடவிக்கொள்ளுகிறான். வேட்டியும், துண்டும், மூக்குப்பொடி டப்பியும் எல்லாம் சேர்ந்து மறைந்துபோகின்றன. வெல்ஸ் அப்படி விடவில்லை. மறைந்தது உடம்புதானே, சட்டை எப்படி மறையும் என்று கேட்டார். ஆகவே அந்த மனிதன் லண்டன் குளிரில் நிர்வாணமாகத் திரிய வேண்டியதாயிற்று. அவன் தின்ற சோறு ஜீரணமாகிற வரையில் வயிற்றில் வெளியே தெரிகிறது. பனி பெய்தால் மேலே படிந்து உருவத்தைக் காட்டிக் கொடுக்கிறது. சேற்றில் நடந்தால் கால்சுவடு விழுகிறது. சர்வ வல்லமை பெற்றதாக நினைத்தவன், ஒரு சட்டைக்கும் ஒரு கவளத்திற்கும் திருட வேண்டியவனாகிறான்.

பார்த்தீர்களா? அனுமானம் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் அந்த ஒன்றிலிருந்து வரும் கணக்கு. 1933-ல் வெளிவந்த தம் கதைத் தொகுப்பின் முன்னுரையில் வெல்ஸே இந்த ரகசியத்தைச் சொல்லியிருக்கிறார். அசாத்தியமான விஷயத்தை ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை நம் வீட்டில் நடப்பதுபோல் நடத்த வேண்டும். எதுவும் நடக்கலாம் என்று விட்டுவிட்டால் கதையில் யாருக்கும் அக்கறை இராது என்பது அவர் கருத்து. சங்கடம் வந்தபோதெல்லாம் ஒரு தெய்வம் பிரசன்னமாகி வரம் கொடுத்துவிட்டால், கேட்கிறவன் கொட்டாவி விடாமல் வேறென்ன செய்வான்?

மூன்றாம் அடையாளம், அந்தக் கதையில் பிசகு கண்டுபிடிக்க இடமிருக்க வேண்டும். தோழர்களே, இதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

மேலே சொன்ன வெர்ன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சந்திரனுக்குப் போக அவர் கண்ட வழி ராக்கெட் அல்ல, பீரங்கி. 900 அடி நீளமுள்ள பீரங்கியை மண்ணில் புதைத்து, குண்டுக்குள் ஆளை உட்கார வைத்துச் சுட்டுவிடுவது. குண்டின் வேகம் செகண்டுக்குச் சுமார் 11 கிலோமீட்டர். 900 அடி என்பது சுமார் 274 மீட்டர். அந்தத் தூரத்திற்குள் அவ்வளவு வேகத்தைப் பெற வேண்டுமானால், பள்ளிக்கூடத்துச் சூத்திரப்படியே, உள்ளே இருப்பவன் தன் எடையைப்போல் 20 ஆயிரம் மடங்குக்கு மேல் அழுத்தப்படுவான். 60 கிலோ எடையுள்ள ஆள் ஆயிரம் டன்னுக்கு மேல் கனத்தால் என்ன மிஞ்சும்? துவையல்கூட மிஞ்சாது. வெர்னும் இதை அறியாதவரல்ல. அதிர்ச்சியைத் தாங்கத் தண்ணீர் மெத்தை வைத்தார். அது போதாது.

ஆகவே வெர்ன் பிசகினார். ஆனால் அவர் பிசகினார் என்று நமக்கு எப்படித் தெரிந்தது? அவர் நீளத்தைச் சொன்னார், வேகத்தைச் சொன்னார், அதனால் தெரிந்தது. ருஷியாவில் ஜியோல்கோவ்ஸ்கி என்ற பள்ளிக்கூட உபாத்தியாயர் இருந்தார். சிறு வயதிலேயே ஜுரத்தால் காது மந்தமாகி, பள்ளிக்கூடம் போக முடியாமல் புஸ்தகசாலையில் தாமே படித்தவர். வெர்ன் கதையால் ஆசை உண்டான அவர், பீரங்கியால் ஆகாது என்று கண்டு, ராக்கெட்டுக்குக் கணக்கு எழுதி 1903-ல் வெளியிட்டார். இன்று மேலே போகும் ஒவ்வொரு ராக்கெட்டும் அந்தச் சூத்திரத்திற்குக் கட்டுப்பட்டுத்தான் போகிறது. ஒரு கதையின் பிசகிலிருந்து ஒரு சாஸ்திரமே கிளம்பிற்று!

இன்னொன்று கேளுங்கள். லாரி நிவென் என்ற அமெரிக்கர் 1970-ல் ஒரு நாவல் எழுதினார். ஒரு சூரியனைச் சுற்றி வளையல் மாட்டினதுபோல், பூமி சுற்றும் பாதையளவு பெரிய வளையத்தைக் கட்டி, அதன் உட்புறத்தில் ஜனங்கள் குடியிருப்பதாகக் கதை. மறு வருஷம் பாஸ்டனில் கதை வாசகர்களின் மகாநாடு கூடிற்று. அங்கே மாணவர்கள் தாழ்வாரமெல்லாம் நடந்து, அந்த வளையம் நிலைத்து நிற்காது என்று கோஷம் போட்டார்கள். கணக்குப் பார்த்தால் மெய்தான். வளையம் சற்றே ஒரு பக்கம் நகர்ந்தாலும் மேலும் மேலும் நகர்ந்து சூரியன்மேல் மோதிவிடும். ஆசிரியர் என்ன செய்தார்? கோபித்தாரா? கோஷம் போட்டவர்களை நரகத்திற்குப் போவீர்கள் என்றாரா? இல்லை. அந்தப் பிசகை ஒப்புக்கொண்டு, வளையத்தை நிலைநிறுத்த விசைகள் இருந்ததாக வைத்து, 1980-ல் வெளிவந்த இன்னொரு நாவலை எழுதினார்.

இதே காரியத்தை நம்மூர்க் கதாகாலட்சேபத்தில் செய்து பாருங்கள்! பூமியைப் பாயாகச் சுருட்டிக்கொண்டு ஓடினான் ஒரு அசுரன் என்று பாகவதர் பாடும்போது, "ஐயா! சுருட்டினவன் எதன்மேல் நின்று சுருட்டினான்?" என்று ஒரு பையன் எழுந்து கேட்டால், அவனுக்கு விடை கிடைக்குமா, உதை கிடைக்குமா? விடை சொல்லாமல் உதை கொடுக்கிற கதை எதுவோ அது விஞ்ஞானக் கதையல்ல. அதற்கு அளவும் இல்லை, வேகமும் இல்லை. ஆதலால் பிசகும் இல்லை. பிசகே இல்லாதது உண்மையினால் அல்ல, பிடி கொடுக்காததனால்!

நான்காம் அடையாளம், அந்தக் கதை நாம் வாழும் வாழ்வைத் திருப்பிப் பார்க்கச் செய்ய வேண்டும்.

டார்கோ சுவின் என்ற பேராசிரியர் 1979-ல் இந்த வகைக்கு ஒரு இலக்கணம் எழுதினார். பழகிப்போன உலகத்தில் ஒரு புதுப் பொருளை நுழைத்து, உலகத்தையே நமக்கு அன்னியமாகத் தோன்றச் செய்ய வேண்டும். அந்த அன்னியத்தை அறிவினால் விளங்கிக்கொள்ளக் கூடியதாகவும் வைக்க வேண்டும் என்பது அதன் சுருக்கம். முதலாவது மட்டும் இருந்தால் மாயக் கதை. இரண்டாவது மட்டும் இருந்தால் பாடப் புஸ்தகம். இரண்டும் சேர்ந்தால்தான் விஞ்ஞானக் கதை.

இதற்கு ஒரு சிறந்த உதாரணம் நம் சென்னையிலேயே அச்சாயிற்று என்றால் ஆச்சரியப்படுவீர்கள். 1905-ல், கமலா சத்தியநாதன் அம்மையார் சென்னையிலிருந்து நடத்திய ஒரு ஆங்கில மாதர் பத்திரிகையில், வங்காளத்துப் பேகம் ரொக்கேயா எழுதிய "சுல்தானாவின் கனவு" என்ற கதை வெளிவந்தது. ரொக்கேயா கோஷாவில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் அறியாதவர். தமையனார் வீட்டில் மறைவாகக் கற்றுக்கொடுத்த ஆங்கிலத்தைக் கொண்டு எழுதினார். கதை என்ன? ஒரு தேசத்தில் ஆண்களெல்லாம் வீட்டுக்குள் கோஷாவில் இருக்கிறார்கள். பெண்கள் வெளியே வந்து ராஜ்யம் ஆளுகிறார்கள். எப்படி ஆயிற்று? ஏதாவது அம்மன் வரம் கொடுத்தாளா? இல்லை. பெண்களுக்கென்று சர்வகலாசாலைகள் ஏற்பட்டன. ஒன்றில் ஆகாயத்திலிருந்து மழை நீரைக் குழாய் வழியே இறக்கும் பலூனைச் செய்தார்கள். மற்றொன்றில் சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைக்கக் கருவி செய்தார்கள். ஆண்கள் பட்டாளத்தைப் பெருக்கிக்கொண்டு இதைப் பரிகசித்தார்கள். பகைவன் படையெடுத்து வந்து, ஆண் பட்டாளம் தோற்றபோது, பெண்கள் அந்தச் சூரிய வெப்பத்தைத் திருப்பிவிட்டுச் சண்டையை முடித்தார்கள். தோற்றவர்கள் வீட்டுக்குள் போனார்கள், போனவர்கள் திரும்பவில்லை.

ஆண்பிள்ளைகள் சிரிக்கிறீர்கள். தாய்மார்கள் சிரிக்காமல் கேட்கிறார்கள். அங்கேதான் கதையின் கூர்மை இருக்கிறது. ஆணைக் கோஷாவில் வைப்பது அக்கிரமமாகத் தோன்றினால், பெண்ணை வைப்பது எப்படி தர்மமாயிற்று? அந்தக் கேள்வியை வியாசமாக எழுதியிருந்தால் ஆயிரம் சமாதானம் சொல்லியிருப்பார்கள். கதையாகத் தலைகீழாக்கிக் காட்டியதும் சமாதானம் தொண்டையில் நின்றுவிட்டது. ரொக்கேயா கனவோடு நிற்கவுமில்லை. 1911-ல் கல்கத்தாவில் முஸ்லீம் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கிவிட்டார்.

ஒரு ஆக்ஷேபணை

நிற்க. இங்கே புத்திசாலிகள் ஒரு ஆக்ஷேபணை கொண்டுவருவார்கள். "ஐயா! காலத்தில் முன்னும் பின்னும் போகும் யந்திரம், ஒளியைவிட வேகமாய்ப் போகும் கப்பல், இவையெல்லாம் இன்றைய சாஸ்திரப்படி ஆகாதவை. இவற்றையும் விஞ்ஞானக் கதை என்கிறார்களே, இது மட்டும் மாய மையல்லவா?" என்பார்கள்.

இது வெர்னே கேட்ட கேள்விதான். வெல்ஸ் 1901-ல் எழுதிய சந்திர யாத்திரையில், பூமியின் இழுப்பைத் தடுக்கும் ஒரு உலோகத்தைக் கற்பித்தார். தாம் பீரங்கி மருந்தைக்கொண்டு போனதாகவும், இவரோ இல்லாத வஸ்துவைக் கற்பித்துவிட்டதாகவும் வெர்ன் குறைப்பட்டார். குறையில் நியாயமுண்டு. ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். வெல்ஸ் 1895-ல் எழுதிய கால யந்திரக் கதையில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது? யந்திரத்திலா? இல்லை, அது போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. எட்டு லட்சம் வருஷத்திற்கு அப்பால் மனித ஜாதி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மேலே வெயிலில் வேலை செய்யத் தெரியாத அழகுப் பொம்மைகள். கீழே இருட்டில் யந்திரங்களோடு கிடக்கும் வெளுத்த ஜந்துக்கள். உழைக்கிறவனையும் உண்கிறவனையும் எட்ட எட்ட வைத்துக்கொண்டே போனால், கடைசியில் இரண்டு வேறு ஜந்துக்களாகவே போய்விடுவார்கள் என்று, டார்வின் தத்துவத்தைக் கொண்டு வெல்ஸ் கணக்குப் போட்டார். அவர் டார்வினின் நண்பர் ஹக்ஸ்லியிடம் நேரில் பாடம் கேட்டவர். யந்திரம் வெறும் வண்டி, கணக்குத்தான் சரக்கு.

ஆகையால் அசாத்தியமான ஒன்று இருப்பதாலேயே கதை கெட்டுவிடாது. அதை அனுமானம் என்று ஒப்புக்கொண்டு வைத்தானா, உண்மை என்று தலையில் கட்டினானா என்பதே கேள்வி. எல்லைக்கோடு மழுங்கலாக உள்ள கதைகள் பல உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை.

கதையும் மெய்யும் கலந்தால்

தோழர்களே! இதெல்லாம் பொழுதுபோக்குச் சண்டை என்று எண்ணாதீர்கள். கதை எது, மெய் எது என்ற கோடு அழிந்தால் உயிருக்கே ஆபத்து வரும்.

கிரகங்களின் பாதையைக் கண்டுபிடித்த கெப்ளர், சந்திரனுக்குப் போவதாக ஒரு கதை எழுதி வைத்திருந்தார். அங்கே பகலும் இரவும் நம் கணக்கில் பதினான்கு நாள் போல் நீளமென்பதையெல்லாம் சரியாக எழுதினார். ஆனால் அழைத்துப்போவது ஒரு ஆவி. அந்த ஆவியை அழைக்கிறவள் கதாநாயகனுடைய தாய், மூலிகை விற்கிற கிழவி. கெப்ளருடைய சொந்தத் தாயும் மூலிகை வைத்தியம் செய்த கிழவி! 1615-ல் அவரைச் சூனியக்காரி என்றார்கள். 1620-ல் பிடித்துச் சங்கிலியில் மாட்டினார்கள். எழுபது வயதைத் தாண்டிய தாய்க்காகக் கெப்ளரே முன்னின்று வாதாடி, 1621-ல் விடுவித்தார். மறு வருஷமே அந்த அம்மாள் இறந்து போனார். தம் கதையின் கையெழுத்துப் பிரதி கை மாறிப் போனதுதான் வதந்திக்குத் தீனி போட்டதோ என்று கெப்ளர் பின்னால் மனம் வெந்தார். அது காரணமல்ல என்று இக்காலச் சரித்திரக்காரர் சிலர் சொல்லுகிறார்கள். எப்படியாயினும், கெப்ளர் அந்தச் சிறு கதைக்கு வரிக்கு வரி குறிப்பு எழுதி, எது கணக்கு, எது வேடிக்கை என்று விளக்க வேண்டியதாயிற்று. 1634-ல், அவர் இறந்த பிறகே அது அச்சாயிற்று.

அது பழங்காலம் என்பீர்களானால், 1949 பிப்ரவரியைப் பாருங்கள். தென் அமெரிக்காவில் கீட்டோ நகரத்து ரேடியோவில், செவ்வாய் கிரகத்தார் படையெடுத்து வந்த வெல்ஸ் கதையை, கதை என்று சொல்லாமல் செய்தி போல் வாசித்தார்கள். ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். பிறகு கதையென்று தெரிந்ததும் கோபங்கொண்டு கட்டடத்திற்கே தீ வைத்துவிட்டார்கள். பலர் மாண்டார்கள். கதையில் குற்றமில்லை, கதையென்று சொல்லாததுதான் குற்றம்.

விஞ்ஞானக் கதைக்காரர்களும் இதற்கு விலக்கல்ல. 1950 மே மாதத்தில், அமெரிக்காவில் பேர்பெற்ற ஒரு விஞ்ஞானக் கதைப் பத்திரிகை, ஹப்பர்ட் என்ற கதாசிரியர் மன வியாதிகளைத் தீர்க்கக் கண்டதாகச் சொன்ன முறையை, கதையாக அல்ல, உண்மையாக வெளியிட்டது. சில வருஷங்களில் அதிலிருந்து ஒரு மதமே கிளம்பிற்று. பீரங்கியின் நீளத்தைக் கணக்குப் பார்க்கிற பத்திரிகையே இங்கே கணக்கைக் கேட்க மறந்தது! ஆகையால் விஞ்ஞானம் என்ற பெயர்ப் பலகை ஒருவரையும் காப்பாற்றாது. கேள்விதான் காப்பாற்றும்.

இனி அந்த வாலிபர் கேள்விக்கு வருவோம். புஷ்பக விமானத்தை நினைத்த பழங்காலத்துக் கவியின் கற்பனையை நாம் இகழவில்லை. பறக்க வேண்டுமென்ற ஆசை நல்ல ஆசை. இரண்டாம் நூற்றாண்டில் லூசியன் என்ற ஆசிரியர் கிரேக்க மொழியில் சந்திர யாத்திரை எழுதி, இதில் ஒரு வார்த்தையும் மெய்யில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்படி இவர்களும் சொல்லிவிட்டால் சண்டை ஒழிந்தது. ஆனால் என்ன செய்கிறார்கள்? பறந்தது மெய், செய்முறை ஏட்டில் இருக்கிறது என்கிறார்கள். "வைமானிக சாஸ்திரம்" என்ற அந்த ஏட்டைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் ஆராய்ந்து 1974-ல் முடிவு சொன்னார்கள். ஏடு 1904-க்கு முற்பட்டதல்ல. அதிலுள்ள விமானங்கள் பறக்கக் கூடியவையல்ல. அப்படியும் 2015 ஜனவரியில் பம்பாயில் கூடிய இந்திய விஞ்ஞானக் காங்கிரசிலேயே பழங்கால விமானத்தைப் பற்றி வியாசம் வாசித்தார்கள் என்றால், இந்த வெட்கத்தை எங்கே போய்ச் சொல்லுவது?

வெர்ன் தம் பீரங்கியைப் பற்றி, "என் பாட்டன் இதில் போனான்" என்று சொல்லவில்லை. அதனால்தான் அதை நாம் விஞ்ஞானக் கதை என்கிறோம். அதைப் படித்தவன் ராக்கெட் செய்தான். "எல்லாம் அப்போதே இருந்தது" என்று கேட்டவன் திண்ணையில் படுத்துக்கொண்டான். முன்னது நாளைக்கு வேலை வைக்கிறது. பின்னது நேற்றைக்குப் பட்டம் கட்டுகிறது.

நம் பாஷையிலும் இவ்வகை இல்லாமலில்லை. என்ஜினீயராக வேலை பார்த்த சுஜாதா எழுதிய "என் இனிய இயந்திரா"வில், தேசமே வணங்கும் தலைவன் ஒருவன் வருகிறான். கடைசியில் பார்த்தால் அவன் ஆளே அல்ல. ஒளியினால் காட்டப்படும் வெறும் உருவம். யந்திர நாய் பேசுகிறதென்று குழந்தைகள் அதைப் படிக்கட்டும். தாங்கள் கும்பிடுகிற உருவத்திற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பெரியவர்கள் கேட்கட்டும்.

ஆகவே தோழர்களே! இந்த வாசகசாலையில் இத்தகைய புஸ்தகங்களுக்கு ஒரு அலமாரி ஒதுக்கும்படி நிர்வாகஸ்தர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். பிள்ளைகள் படிக்கும்போது நான்கு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். காரணம் என்ன? எல்லை எங்கே? பிசகு எங்கே? இதனால் நம் வாழ்வில் எது தலைகீழாகிறது? இந்த நான்கும் பழகிவிட்டால், கதைக்கு மட்டுமல்ல, மேடைக்கும், பத்திரிகைக்கும், வீட்டுப் பெரியவர் சொல்லுக்கும் அதே கேள்வி தானாக வந்துவிடும்.

நாம் சொன்னதையும் அப்படியே நம்பிக்கொண்டு போய்விட வேண்டாம். பீரங்கிக் கணக்கை வீட்டில் போட்டுப் பாருங்கள். நாம் பிசகியிருந்தால் ஒரு கார்டு எழுதுங்கள்; அடுத்த கூட்டத்தில் திருத்திச் சொல்லுகிறோம்.